இரு பெயர் தாங்கிய மாணவர்கள்: வட்டுக்கோட்டையில் ஒரு பள்ளியின் இரு நூற்றாண்டுகள்

தமிழ்நாட்டில் பட்டப் படிப்புக்குரிய நிறுவனத்தைக் குறிக்கும் ‘கல்லூரி’ என்ற சொல், இலங்கையில் இடைநிலைப் பள்ளிகளின் பெயரிலும் நெடுங்காலமாக வழங்கிவருகிறது. யாழ்ப்பாண நகரிலிருந்து வடமேற்கே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில், வட்டுக்கோட்டையில் இயங்கும் யாழ்ப்பாணக் கல்லூரி அத்தகைய ஒரு பள்ளியாகும். நாள்தோறும் வீட்டிலிருந்து வந்து போகும் மாணவர்களுக்கும், வளாகத்திலேயே தங்கிப் பயிலும் விடுதி மாணவர்களுக்கும் இடமளிக்கும் தனியார் இடைநிலைப் பள்ளி என்றே அது இன்று வகைப்படுத்தப்படுகிறது. அந்த எளிய வகைப்பாட்டுக்குப் பின்னால், 1823இல் தொடங்கி, 1855இல் அறுந்து, 1872இல் மீண்டும் துளிர்த்த ஒரு வரலாறு இருக்கிறது. அதன் முதல் தொடக்கத்தை அமெரிக்கர் செய்தனர். இரண்டாவது தொடக்கத்தை யாழ்ப்பாணத்தார் கேட்டுப் பெற்றனர். இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை உணர்ந்தால்தான், மதமாற்றத்தை நோக்கமாகக் கொண்டு எழுந்த ஒரு பள்ளி தமிழ்ப் பதிப்புலகுக்கும் அகராதிக் கலைக்கும் இதழியலுக்கும் எவ்வாறு ஆட்களை அளித்தது என்பது விளங்கும்.

யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்கர்

வெளிநாடுகளில் கிறிஸ்தவ சமயப் பணி செய்வதற்காக 1810இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சங்கம் அமைக்கப்பட்டது. இச்சங்கம் அனுப்பிய டேனியல் பூர், ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ், எட்வர்ட் வாரன், பெஞ்சமின் மெய்க்ஸ் ஆகியோர் 1816இல் இலங்கையில் இறங்கினர். தெல்லிப்பழையும் வட்டுக்கோட்டையும் அவர்களுடைய முதல் நிலையங்களாயின. போர்த்துக்கீசரும் பின்னர் டச்சுக்காரரும் விட்டுச் சென்று பாழடைந்து கிடந்த தேவாலயங்களையும் இல்லங்களையும் செப்பனிட்டு, அவற்றிலேயே இவர்கள் குடியேறினர். 1819இல் லீவை ஸ்போல்டிங், மைரன் வின்ஸ்லோ, ஹென்றி உட்வார்ட், மருத்துவர் ஜான் ஸ்கடர் ஆகியோர் அடங்கிய இரண்டாவது குழு வந்து சேர்ந்தது. பண்டத்தரிப்பில் பணியாற்றிய இந்த ஸ்கடரின் பேத்திதான் பிற்காலத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடர்.

அமெரிக்கர்களை ஆங்கிலேய அரசு ஐயத்துடனேயே நோக்கியது. அவர்களுடைய பணி யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் அடங்கியிருக்க வேண்டும் என்பது எழுதப்படாத எல்லையாக இருந்தது. 1820இல் அச்சுக்கலை அறிந்த ஜேம்ஸ் கரெட் என்பவர் வந்திறங்கியபோது, அவர் தங்குவதற்கு அரசு அனுமதி மறுத்தது. அதன் பின் 1833 வரை புதிய அமெரிக்க ஊழியர் எவரும் வர இயலவில்லை. இருந்த சிலர் நோயால் குறைந்துகொண்டே போக, புதியவர் வரும் வழியும் அடைபட்டதால், பள்ளி நடத்தவும் நூல் எழுதவும் உள்ளூர் இளைஞரையே உயர்ந்த நிலையில் பயிற்றுவிப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. வட்டுக்கோட்டைப் பள்ளியின் பிறப்புக்கு இத்தடை ஒரு வலுவான காரணமாயிற்று.

செமினரி

1823இல் வட்டுக்கோட்டையில் ஒரு மையப் பள்ளி தொடங்கப்பட்டது. அதை நிறுவியவர்கள் தமிழ் இளைஞருக்கான முழுமையான உயர்கல்வி நிறுவனம் ஒன்றையே விரும்பி, அதற்கென விரிவான திட்டத்தையும் அச்சிட்டு வெளியிட்டிருந்தனர். ஆனால், கல்லூரியாக இயங்கத் தேவையான அரச சாசனத்தை வெளிநாட்டவர் நடத்தும் நிறுவனத்துக்கு வழங்க ஆங்கிலேய அரசு இணங்கவில்லை. ஆகவே, அது ‘செமினரி’ என்ற பெயரிலேயே நிலைபெற்றது. இச்சொல் பொதுவாகக் குருமார் பயிற்சிக் கூடத்தைக் குறிப்பதாயினும், வட்டுக்கோட்டைச் செமினரி சமயப் பாடத்தோடு கணிதம், வானியல், இயற்பியல், தருக்கம், ஆங்கிலம், தமிழ் ஆகியவற்றையும் ஆழமாகக் கற்பித்த பொதுக் கல்வி நிலையமாகவே வளர்ந்தது. வடமொழியும் பயிற்றப்பட்டது. அதன் வாயிலாக நம் மரபுச் சாத்திரங்களையும் மாணவர் மூலத்திலேயே அறிய வேண்டும் என்பது நிறுவியவர்களின் எண்ணம். இலங்கையில் நீதிபதியாக இருந்த சர் ரிச்சர்ட் ஒட்லி இம்முயற்சிக்குத் துணை நின்றதன் நினைவாக, வளாகத்தின் மண்டபம் ஒன்று ஒட்லி மண்டபம் என்று அவர் பெயரைத் தாங்கியது.

அரசின் தலைமைச் செயலாளராக 1845 முதல் 1850 வரை இலங்கையில் இருந்த சர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், இங்கு கற்பிக்கப்பட்ட பாடங்களின் பரப்பையும் மாணவரின் தேர்ச்சியையும் நேரில் கண்டு, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிடத்தக்க நிறுவனம் இது என்று 1850இல் வெளியிட்ட தம் நூலில் மதிப்பிட்டார். முப்பது ஆண்டுகளுக்குள் ஒரு குடாநாட்டுக் கிராமத்தில் இந்நிலை எட்டப்பட்டது என்பதை நினைத்தால், அந்த ஆசிரியர்களின் உழைப்புக்கும் அம்மாணவர்களின் வேட்கைக்கும் தலைவணங்காமல் இருக்க முடியாது.

விடுதியும் அடுப்பங்கரையும்

செமினரியின் மாணவர் அனைவரும் விடுதியில் தங்கியே படித்தனர். வீட்டின் வழிபாட்டிலிருந்தும் ஊரின் வழக்கங்களிலிருந்தும் பிள்ளைகளைப் பிரித்து, நாள் முழுவதும் தம் கண்காணிப்பில் வைத்திருந்தால்தான் சமய மாற்றம் நிலைக்கும் என்று நிறுவியவர்கள் நம்பினர். விடுதி முறையின் அடிப்படை நோக்கம் அதுவே. ஆனால், பிள்ளைகளை அனுப்பிய வேளாளக் குடும்பங்கள் கல்வியை ஏற்றுக்கொண்டபோதும் மிஷன் வளவில் சமைத்த உணவை ஏற்க மறுத்தன. அதனால் தொடக்க ஆண்டுகளில், வளவுக்கு வெளியே அமைத்த அடுப்பங்கரையில், அச்சாதியைச் சேர்ந்தவர் சமைத்த உணவையே மாணவர் உண்டனர். அந்த விலகல் குறையப் பல ஆண்டுகள் பிடித்தன. சாதி என்னும் கட்டு கல்வியின் வாயிலோடு தானே அவிழ்ந்துவிடுவதில்லை என்பதையும், விடுதி என்பது உண்ணுதல், நீர் அருந்துதல், உறங்குதல் ஆகிய அன்றாடச் செயல்களின் மூலம் சமூகம் தன்னைச் சோதித்துக்கொள்ளும் இடம் என்பதையும் இந்த வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

விடுதிச் செலவை அமெரிக்காவின் சிற்றூர்களில் வாழ்ந்த சபையாரும் தனிமனிதரும் ஏற்றனர். ஒரு மாணவனுக்கு உதவித்தொகை அளிப்பவர் அவனுக்குத் தாம் விரும்பிய பெயரை இடலாம் என்ற வழக்கம் இருந்தது. கடல் கடந்து வந்த அப்பெயர்கள் மாணவர் பலரின் தமிழ்ப் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டன. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என இன்றும் தமிழிலக்கிய வரலாற்றில் வழங்கும் பெயர்கள் அவ்வாறு உருவானவை. பெயரை மாற்றினால் மனிதனும் மாறுவான் என்ற நம்பிக்கை அவ்வழக்கத்தில் ஓரளவு இருந்திருக்கக்கூடும். நடந்ததோ, புதிய பெயர் முன்னே நிற்கப் பழைய பெயர் அழியாமல் பின்தொடர்ந்தது. இப்பள்ளி கற்பித்த கல்வியின் இயல்பையும் இந்த இரட்டைப் பெயரே மிகச் சரியாக உணர்த்துகிறது.

வானைப் பார்த்த வகுப்பறை

1823 முதல் 1835 வரை தலைவராக இருந்த டேனியல் பூர், மேலைக் கணிதத்தையும் வானியலையும் கற்பிப்பதில் தனி ஆர்வம் காட்டினார். அக்காலத்தில் அப்பகுதிக்குப் பஞ்சாங்கம் கணித்துத் தந்தவர் விசுவநாத சாஸ்திரியார் என்ற புகழ்பெற்ற அறிஞர். 1829இல் நிகழவிருந்த ஒரு சந்திர கிரகணத்துக்கு அவர் குறித்த நேரமும் அளவும் தம் கணிப்போடு மாறுபடுவதைக் கண்ட பூர், அந்த வேறுபாட்டை முன்கூட்டியே மாணவர்க்கும் ஊராருக்கும் அறிவித்தார். கிரகணம் பூரின் கணிப்பையொட்டி நிகழ்ந்தது. மேலை அறிவியலின் வெற்றியாக மிஷன் வரலாறுகள் இதைக் கொண்டாடுகின்றன.

ஆயினும், அந்நிகழ்ச்சியைவிடப் பெரியது அதன் பிறகு நடந்தது. பூருக்குப் பின் 1836 முதல் 1849 வரை தலைவராக இருந்த ஹென்றி ஹொய்சிங்டன், தமிழ் மரபின் வானியலைப் புறந்தள்ளிவிடாமல், அதன் கணித முறைகளை முறையாகக் கற்று, தமிழ் மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் குறிப்புகளோடும் ஒரு நூலை 1848இல் யாழ்ப்பாணத்தில் அச்சிட்டார். சைவ சித்தாந்தத்தின் மூல நூல்களான சிவஞானபோதம், சிவப்பிரகாசம் ஆகியவற்றோடு தத்துவக் கட்டளையையும் அவர் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அம்மொழிபெயர்ப்புகள் 1854இல் அமெரிக்கக் கீழைத்தேயவியல் சங்கத்தின் ஆய்விதழில் வெளிவந்தன. மறுப்பதற்காகக் கற்கத் தொடங்கியவர், கற்றதன் பயனாகத் தமிழரின் மெய்யியலை மேலை அறிஞருலகுக்கு முதன்முதலாக விரிவாக எடுத்துரைத்தவராயினார். ஆசிரியரே இவ்வாறு இரண்டு மரபுகளையும் மேசைமேல் வைத்துக் கற்ற ஒரு பள்ளியில், மாணவர் ஒன்றைத் துறந்து மற்றொன்றை ஏற்காதது இயல்பே.

தமிழுக்குக் கிடைத்தவை

செமினரியில் பயின்ற ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் ஆகிய இருவரை ஆசிரியராகக் கொண்டு 1841 ஜனவரி 7ஆம் நாள் ‘உதயதாரகை’ என்ற இதழ் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவரத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தின் முதல் செய்தி இதழ் என்ற சிறப்பு அதற்கு உண்டு. 1842இல் சுமார் 58,500 சொற்களைத் தொகுத்த தமிழ் அகராதி மானிப்பாயில் அச்சாகியது. சொற்களை நிகண்டுச் செய்யுள்களில் மனனம் செய்துவந்த மரபு, அகர வரிசையில் தேடிப் பார்க்கும் பழக்கமாக மாறிய காலகட்டத்தின் முக்கியமான ஆக்கம் அது. உடுவில் பெண்கள் விடுதிப் பள்ளியின் தொடக்கத்தோடு தொடர்புடைய மைரன் வின்ஸ்லோ 1862இல் சென்னையில் வெளியிட்ட தமிழ்-ஆங்கில அகராதி 67,000க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்டிருந்தது. இத்தகைய தொகுப்புப் பணிகளில் இருமொழியும் வல்ல செமினரி மாணவரின் உழைப்பு கலந்திருந்தது.

1847இல் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் தம் முதல் மருத்துவ வகுப்பை வட்டுக்கோட்டையில் தொடங்கி, பின்னர் மானிப்பாயில் அதை வளர்த்தார். மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, பாடநூல்களையும் தமிழில் ஆக்கிய முன்னோடியாக அவர் போற்றப்படுகிறார். தமிழில் அறிவியலைச் சொல்ல முடியுமா என்ற கேள்வி அங்கே செயலால் விடை பெற்றது. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை 1850இல் தருக்கவியலைத் தமிழில் விளக்கும் ‘நியாய இலக்கணம்’ என்ற நூலை வெளியிட்டார். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் திரட்டி 1886இல் ‘பாவலர் சரித்திர தீபகம்’ என்ற பெயரில் வெளியிட்டார்.

இம்மாணவருள் தமிழகம் என்றும் மறக்கக் கூடாதவர் சிறுப்பிட்டியைச் சேர்ந்த சி.வை. தாமோதரம்பிள்ளை. 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாகத் தேறியோர் அவரும் கரோல் விசுவநாதபிள்ளையும் ஆவர். இருவருமே வட்டுக்கோட்டைச் செமினரியின் மாணவர்கள். தாமோதரம்பிள்ளை வீரசோழியத்தை 1881இலும் கலித்தொகையை 1887இலும் பதிப்பித்தார். ஏட்டுச் சுவடிகள் செல்லரித்து அழிந்துகொண்டிருந்த காலத்தில், பாடம் ஒப்புநோக்கிப் பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிய அவருடைய பணி, உ.வே. சாமிநாதையரின் பெரும்பணிக்கு முன்னோடியாக அமைந்தது. கிறிஸ்தவப் பள்ளியில் வளர்ந்த இவ்விருவரும் பின்னாளில் சைவர்களாகவே வாழ்ந்தனர் என்பது விடுதி முறையை வகுத்தவர்கள் எதிர்பாராத விளைவு. மூல நூலைத் தேடுதல், பாடபேதங்களை ஒப்பிடுதல், முன்னுரையில் சான்று காட்டி வாதிடுதல் ஆகிய பழக்கங்களைச் செமினரி அவர்களுக்கு அளித்தது. அப்பழக்கங்களைத் தம் மரபின் பொருட்டுப் பயன்படுத்த அவர்கள் தாமே முடிவு செய்தனர். கல்வியின் உண்மையான பயன் இதுவே என்று உறுதியாகச் சொல்லலாம்.

செமினரியின் தாக்கம் பாக்கு நீரிணையைக் கடந்தும் சென்றது. 1834இல் அமெரிக்கர்கள் மதுரையில் தம் பணியைத் தொடங்கியபோது, ஹொய்சிங்டனும் முதலில் சென்றோருள் ஒருவராக இருந்தார். யாழ்ப்பாணத்தில் பயிற்சி பெற்ற தமிழ் இளைஞர்கள் அவர்களுக்குத் துணையாகச் சென்றனர். பசுமலையில் வேரூன்றி, இன்று அமெரிக்கன் கல்லூரியாக மதுரையில் விளங்கும் கல்விமரபு அந்த மிஷனின் வழியே வந்தது. இவ்வகையில் வட்டுக்கோட்டையும் மதுரையும் உடன்பிறந்த கல்வி நிலையங்கள்.

மூடப்பட்ட ஆண்டு

1855இல் அமெரிக்கச் சங்கத்தின் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் நேரில் வந்து ஆய்வு செய்தார். ஒவ்வொரு நாட்டின் கிறிஸ்தவ சபையும் தன்னைத் தானே ஆள வேண்டும், தன் செலவைத் தானே ஏற்க வேண்டும், தானே பரவ வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அதற்குத் தாய்மொழிக் கல்வியே உரியது என்றும், ஆங்கிலக் கல்வி இளைஞரை அரசு வேலைக்கும் வணிகத்துக்கும் இழுத்துச் சென்று சமயப் பணியிலிருந்து விலக்குகிறது என்றும் அவர் கருதினார். செமினரியில் கட்டணம் செலுத்திப் பயின்ற வசதியுள்ளோர் பலர் சமயம் மாறும் எண்ணமின்றி ஆங்கிலத்தை மட்டுமே நாடி வந்ததும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. அவ்வாண்டே செமினரி மூடப்பட்டது. முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அதை நிறுவிய டேனியல் பூரும் அதே ஆண்டில் மானிப்பாயில் வாந்திபேதி நோயால் காலமானார். செமினரியின் தலைவராக இருந்த சைரஸ் மில்ஸ், தம் மனைவி சூசனுடன் அமெரிக்கா திரும்பி, கலிபோர்னியாவில் பெண்களுக்கான மில்ஸ் கல்லூரியை உருவாக்கினார் என்பது இவ்வரலாற்றின் மற்றொரு கிளை.

ஆண்டர்சனின் கொள்கையில் தாய்மொழிக்குரிய மதிப்பு இருந்தது. அதை எளிதில் மறுத்துவிட முடியாது. ஆனால், செமினரி காட்டிய உண்மையை அவர் கவனிக்கத் தவறினார். ஆங்கிலமும் தமிழும் ஒரே மாணவனிடம் சேர்ந்தபோதுதான் உதயதாரகையும், தமிழ்த் தருக்க நூலும், தமிழ் மருத்துவமும் பிறந்தன. ஒரு மொழியைக் காக்க மற்றொன்றை விலக்க வேண்டும் என்ற முடிவு, இரண்டையும் இணைத்து நின்ற பாலத்தையே அகற்றிவிட்டது. அவ்விடத்தில் 1859இல் தொடங்கிய சிறிய பயிற்சிப் பள்ளியால் அந்த இழப்பை ஈடுசெய்ய இயலவில்லை.

இரண்டாம் தொடக்கம்

பழைய மாணவரும் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ சமூகத்தினரும் 1860களில் உயர்கல்விக்கான கோரிக்கையை விடாது எழுப்பினர். உள்ளூரில் நிதி திரட்டவும் அவர்கள் முன்வந்தனர். அதன் பயனாக, 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி அதே வட்டுக்கோட்டையில் தொடங்கியது. செமினரிக்கும் இதற்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. செமினரி அமெரிக்கச் சங்கத்தின் உடைமை. சங்கத்தின் முடிவு ஒன்றே அதை மூடப் போதுமானதாக இருந்தது. கல்லூரியோ, உள்ளூர்த் தமிழரும் மிஷனரிமாரும் சேர்ந்திருந்த தனி நிர்வாக சபையின் பொறுப்பில் அமைந்தது. அமெரிக்காவில் திரட்டிய மூலதனத்தைப் பாஸ்டனில் உள்ள அறங்காவலர் காத்தனர். முதல் அதிபர் ஈ.பி. ஹேஸ்டிங்ஸ் 1889 வரை பணியாற்றினார். ஆண்டர்சன் விரும்பிய தன்னாட்சியை யாழ்ப்பாணத்தார் மெய்யாகவே கைக்கொண்டு, அவர் மூடிய கல்வியைத் திறக்க அதைப் பயன்படுத்தினர்.

1891இல் கல்லூரி கல்கத்தாப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டு, பட்டப் படிப்புக்கும் மாணவரைத் தயாரித்தது. 1915 முதல் 1936 வரை அதிபராக இருந்த ஜான் பிக்னெல் காலத்தில் அதன் வகுப்பறைகளில் அரசியல் சிந்தனையும் துளிர்த்தது. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றிப் பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என வழங்கிய இயக்கத்தை முன்னெடுத்தோருள் முதன்மையானவர், இக்கல்லூரியில் பயின்று இங்கேயே ஆசிரியராகவும் இருந்த ஹண்டி பேரின்பநாயகம். முழு விடுதலை, தாய்மொழிக் கல்வி, சாதி ஒழிப்பு, சிங்களரோடு நல்லுறவு ஆகியவற்றை அவ்வியக்கம் வலியுறுத்தியது. 1927இல் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தது அதன் அழைப்பின் பேரில்தான். முழுத் தன்னாட்சி வழங்காத அரசியலமைப்பை எதிர்த்து 1931 தேர்தலைப் புறக்கணிக்குமாறும் அது அழைத்தது. நூறாண்டுக்கு முன் வேறு அடுப்பில் சமைத்த சோற்றை உண்ட மாணவர்களின் வழித்தோன்றல்கள், சமபந்தியையும் சம ஆசனத்தையும் கேட்டுக் குரல் எழுப்பியதை அப்பள்ளி கண்ட மிகப் பெரிய வளர்ச்சி என்றே கொள்ள வேண்டும்.

தனியாக நின்ற பள்ளி

1960இல் இலங்கை அரசு சட்டமியற்றி, அரசு உதவி பெறும் பள்ளிகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. உதவி பெறும் பள்ளி என்பது, சமய அமைப்போ தனியாரோ நிர்வகிக்க, ஆசிரியர் சம்பளத்தை அரசு வழங்கும் பள்ளியாகும். குறிப்பிட்ட தகுதியுள்ள பள்ளிகள் அரசு உதவியையும் கட்டணத்தையும் துறந்தால் தனியாக இயங்கலாம் என்ற வாய்ப்பு வழங்கப்பட்டபோது, யாழ்ப்பாணக் கல்லூரி அக்கடினமான வழியைத் தேர்ந்தது. தனியார் பள்ளி என்ற அதன் இன்றைய நிலை அம்முடிவின் விளைவு. பெரும்பொருள் ஈட்டுவதற்கான ஏற்பாடாக அச்சொல்லைப் புரிந்துகொள்வது இவ்விடத்தில் பொருந்தாது. பழைய மாணவரின் கொடையையும் அறக்கட்டளையின் வருவாயையும் நம்பி நின்ற பள்ளி இது.

1974இல் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் உருவானபோது, அதன் விஞ்ஞான பீடம் முதலில் இயங்கியது யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப் படிப்புப் பிரிவுக்குரிய இடத்தில்தான். 1823இல் மறுக்கப்பட்ட உயர்கல்வி நிலையம் 151 ஆண்டுகளுக்குப் பின் அதே வட்டுக்கோட்டை மண்ணில் சில காலமேனும் குடிகொண்டது. அதன் பின் வந்த போர் ஆண்டுகளில் பள்ளி பல முறை நிலைகுலைந்தது. 1995 அக்டோபர் இறுதியில், வட்டுக்கோட்டை அடங்கிய வலிகாமம் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்தபோது, ஆசிரியரும் மாணவரும் சிதறினர். மக்கள் திரும்பிய பின் வகுப்புகள் மீண்டும் கூடின. டேனியல் பூர் பெயரில் விளங்கும் அதன் நூலகம், அழிவுகளுக்கு இடையே எஞ்சிய பழைய நூல்களின் அரிய இருப்பிடங்களுள் ஒன்று.

பள்ளி ஒன்றின் ஆயுளைக் கட்டடங்களாலும் ஆண்டு விழாக்களாலும் அளப்பது எளிது. வட்டுக்கோட்டையின் வரலாறு வேறோர் அளவுகோலைத் தருகிறது. 1855இல் மூடும் கட்டளை வந்தபோது அதைத் தடுக்கும் உரிமை மாணவர் எவருக்கும் இருக்கவில்லை. ஆனால், தாம் கற்றதன் மதிப்பை உணர்ந்த அவர்கள் பதினேழு ஆண்டுகளில் அதன் கதவை மீண்டும் திறக்கச் செய்தனர். போருக்குப் பின் அதைத் தாங்கி நிற்பவர்களும் உலகெங்கும் பரவியுள்ள பழைய மாணவரே. அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் யாரோ இட்ட பெயரையும் பெற்றோர் இட்ட பெயரையும் ஒருங்கே தாங்கி, இரண்டுக்கும் நேர்மையாக வாழ்ந்து, கலித்தொகையை அச்சேற்றியவர்களையும் அகராதி தொகுத்தவர்களையும் உருவாக்கிய அந்த இருமொழிக் கல்வியைப் பள்ளி தன் இன்றைய பிள்ளைகளுக்கும் வழங்கிக்கொண்டிருக்கும் வரை, 1872இல் ஊரார் திறந்த அக்கதவை வேறெவரும் மூட இயலாது.